அரங்கில் ஓர் இளையவர்

“சனிக்கிழமை காலை. பிரிக்பீல்ட்ஸ். இளையோர் நாவல் பரிசளிப்பு. அரங்கில் இளையோர் ஒருவர்.” என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

அந்த ஒருவர் என் தங்கை மகள். பரிசு என் தங்கைக்கு. கிள்ளானில் வங்கி வேலை முடிந்து வந்து, இந்த மகளை மனத்தில் வைத்துத்தான் அந்த நாவலை எழுதினாள். மகளோ அதைத் தொடவே இல்லை. பரிசு கிடைத்தாலாவது படிப்பாள் என்பது தங்கையின் நம்பிக்கை.

“பரிசு குடுக்கிறாங்கன்னா போச்சு லா. பெரியவங்களுக்குப் பிடிச்சிருச்சுன்னு அர்த்தம்” என்று ரயிலில் வரும்போதே மகள் சொல்லிவிட்டாள்.

ஏற்பாட்டாளர்களைக் குறை சொல்ல முடியாது. சிறப்பு விருந்தினருக்குத் தோதான நேரம் பார்த்தார்கள். அது பிள்ளைகளின் டியூஷன் நேரம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை; அவர்கள் டியூஷன் முடித்து நெடுங்காலமாகிவிட்டது. நடுவர்கள் எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள். இளையோர் உள்ளத்தை நாவல் அப்படியே படம்பிடித்திருப்பதாக ஒருவர் பின் ஒருவராகச் சான்றளித்தார்கள். பொன்னாடை போர்த்தி முடிந்ததும் அறிவிப்பாளர், “இப்போது ஓர் இளம் வாசகர் சில வார்த்தைகள் பேசுவார்” என்று அரங்கைத் துழாவினார். நரைத்த தலைகளுக்கு நடுவே அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை.

மேடையில் தங்கை பொன்னாடையின் நுனியை முறுக்கத் தொடங்கினாள்.

மகள் ஒலிவாங்கியைப் பிடித்தாள். “வணக்கம். நான் இன்னும் இதைப் படிக்கல. அங்கிள்ங்க பேசினதைக் கேட்டா, உள்ள நான்தான் இருக்கேன் போல. என்ன எழுதி வச்சிருக்காங்கன்னு இனிமே பார்த்தாகணும்.”

முன்வரிசை முதலில் சிரித்தது. தங்கை கடைசியாகச் சிரித்தாள்.

திரும்பும் ரயிலில் மகள், அம்மாவின் பையிலிருந்து நாவலை எடுத்தாள்.

“அம்மா, இந்தப் பொண்ணு எப்பவும் ரூம் கதவைச் சாத்திக்கிறா. இது நான்தானே?”

“கற்பனை” என்றாள் தங்கை.

“பச்சை கர்ட்டன் கூடவா? மாமா, நீங்க சாட்சி. டைரில எழுதி வச்சுக்குங்க.”

ஷா ஆலம் நிலையம் தாண்டியும் அவள் நிமிரவில்லை. கிள்ளானில் இறங்கும்போது அழைப்பிதழை மடித்துப் பக்கத்துக்கு அடையாளமாகச் செருகினாள். வீட்டில் புத்தகம் அவள் அறைக்குள் போனது, கதவு சாத்தப்பட்டது.

எதுவரை படித்தாள் என்று கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று தங்கை இன்றுவரை கேட்கவில்லை. நான் கேட்டேன். “சொன்னா அம்மாகிட்ட ஓதிருவீங்க மாமா” என்றாள். அதனால், அவள் கடைசி அத்தியாயம் வரை போனாளா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.