அடைக்கக் கூடாத துளை

என் கடை மேசையில் பேனா டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஆக்சிஜன் சென்சர் கிடக்கிறது. ஸ்பார்க் பிளக் பார்த்தவர்களுக்கு இதன் வடிவம் புதிதாக இருக்காது. ஒரு முனையில் கரி பிடித்த உலோகம். மறுமுனையில் நான்கு கம்பிகள், அவை போய்ச் சேரும் இடத்தில் ஒரு கறுப்புக் கனெக்டர். கம்பிகள் நுழையும் வாயில் வெள்ளைப் பசை கெட்டியாக உறைந்திருக்கிறது. அதன் நடுவில் சிறிதாக ஒரு பள்ளம். கடைக்கு வருகிறவர்களில் சிலர் எடுத்துப் பார்த்துவிட்டு, கெட்டுப்போனதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். முட்டத்து அண்ணன் தந்தது என்பேன். அதற்கு மேல் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. இனியும் சொல்லாமல் வைத்திருந்தால் அது என்னைத் தின்றுவிடும் போலிருக்கிறது.

நான் நாகர்கோவிலில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறவன். அண்ணன் முட்டத்தில் ஃபைபர் வள்ளம் செய்தவர். வளைகுடாவில் படகுப் பட்டறையில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கிறுக்கு, சொந்தக் கையால் ஒரு கார் செய்துவிட வேண்டும். கிட் கார் என்று ஒன்று உண்டு. சட்டம், சக்கரம், ஸ்டியரிங் எல்லாம் தனித்தனியாகப் பெட்டிகளில் வரும். நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். அப்படி ஒன்றை வரவழைத்தார். விபத்தில் நசுங்கிய ஒரு சின்னக் காரிலிருந்து எஞ்சினும் அதன் கம்ப்யூட்டரும் கிடைத்தன. உடம்பை மட்டும் வள்ளம் வார்க்கிற அதே ஃபைபரில் தானே வார்த்தார். ஒயரிங் வேலைக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். அதைப் பார்த்த ஊர்க்காரர்கள், இது ரோட்டில் ஓடுமா கடலில் மிதக்குமா என்று கேட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்துத்தான் செய்கிறேன் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் சட்டைப் பையில் பேனா இருக்காது, சிலிக்கான் பசை டியூப் இருக்கும். ஒரு ஆணியின் துளையைக் கண்டால்கூட கை தானாகப் பைக்குப் போகும். "ஓட்டையக் கண்டா அப்பமே அடச்சிரணும் மக்கா. கடலு காத்துட்டு நிக்காது" என்பார். பசையைப் பிதுக்கியபின் சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து ஒரே இழுப்பாக இழுப்பார். கண்ணாடிபோல வழவழவென்று ஆகிவிடும். "எனக்க வேலையில வெரல் தடம் காணாது. தடம் விட்டவன் தொழிலு அறியாதவன்." இதை அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. அப்போது அது வெறும் பெருமைப் பேச்சாகத்தான் என் காதில் விழுந்தது.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்க்கிற ஜாதி. வேலையிலும் அப்படித்தான். இது தாங்குமா, அது கழன்றுவிடாதா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அதனால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் வக்கீல். ஒருநாள் புகைக்குழாயில் பற்றவைத்த இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று நான் அடம்பிடித்து, குழாய் முழுவதையும் கழற்ற வைத்தேன். துடைத்துப் பார்த்தால் அது விரிசல் இல்லை, கரிக்கோடு. பட்டறையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "வக்கீலுக்கு கேஸு தோத்துப் போச்சு" என்றார் அண்ணன். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொன்னதல்ல. ஆனால் எனக்குக் காது மடல் வரை சுட்டது. அந்தச் சூடு இறங்கப் பல நாள் ஆயிற்று. பின்னால் நடந்ததற்கு அதுவே காரணம்.

எஞ்சின் பழையது, சட்டம் புதியது. அதனால் புகைக்குழாயைப் புதிதாக வளைக்க வேண்டி வந்தது. ஆக்சிஜன் சென்சர் உட்காரும் இடங்களையும் புதிதாகத் துளைத்துப் பற்றவைத்தோம். அந்த சென்சர் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். குழாய்க்குள் போகும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று முகர்ந்து பார்த்து, கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்பும். அந்தச் சேதியைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். உள்ளே இருக்கும் புகையை அளக்க அதற்கு வெளியே இருக்கும் நல்ல காற்றும் வேண்டும். அந்தக் காற்றைக் கம்பிகளின் வழியாக, கனெக்டர் வாயிலிருக்கும் நூலிழை இடைவெளியில்தான் அது எடுத்துக்கொள்கிறது. அந்த வாயை அடைத்தால் சென்சர் பொய் சொல்லும். பெட்ரோல் போதவில்லை என்று அது சொல்ல, கம்ப்யூட்டர் மேலும் மேலும் ஊற்றும். முழுதாக எரியாத பெட்ரோலின் புகையில் இருக்கும் நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. இதெல்லாம் இப்போது எனக்கு மனப்பாடம். அன்று அரைகுறையாக எங்கோ கேட்ட ஞாபகம் மட்டும்தான் இருந்தது.

சென்சர்களைப் பூட்டி முடித்த நாள். அண்ணன் தேநீர் வாங்கப் போயிருந்தார். நான் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வண்டிக்கு அடியில் நுழைந்தேன். முன் சென்சரின் கனெக்டர் வாயில் வெள்ளைப் பசை. உப்புக் காற்று உள்ளே போய்விடக் கூடாதென்று வழக்கம்போல அடைத்திருக்கிறார். பசையின் புளித்த காடி நாற்றம் மூக்கில் ஏறியது. பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். இன்னும் இளகியிருந்தது. ஒரு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அரை நிமிடத்தில் வந்துவிடும். இதை அடைக்கலாமா என்று நெஞ்சில் ஏதோ இடறியது. கூடவே அந்தச் சிரிப்பும் காதில் கேட்டது. பூட்டியதும் எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது கம்ப்யூட்டரில் எண்கள் சரியாகத்தானே காட்டின என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். பெருவிரலைக் கால்சட்டையில் துடைத்தேன்.

"வக்கீலே, பரிசோதிச்சாச்சா? எல்லாம் கொள்ளாமா?" என்று தேநீரை நீட்டினார்.

"கொள்ளாம் அண்ணே" என்றேன்.

மறுநாள் காலை வேறொரு வண்டிக்காகப் புது சென்சர் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே ஒரு காகிதம். அதில் கனெக்டரின் படம். அதன் வாயில் பசை பூசும் ஒரு கை. மேலே பெருக்கல் குறி. அடைக்கக் கூடாது. அன்று அண்ணன் தன் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போகிறார். மழை பிடித்திருந்தது, அதனால் கண்ணாடியை ஏற்றியிருப்பார்கள். பின்கதவுக்கு ரப்பர் பட்டை இன்னும் வரவில்லை. தற்காலிகமாக டேப் ஒட்டியிருந்தோம், மழையில் அது நிற்காது. அந்த இடுக்கு வழியாகப் புகை உள்ளே வரும். போன் செய்தேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தேன். பிறகு கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு பைக்கை எடுத்தேன்.

திங்கள்நகர், கருங்கல் என்று அந்த வழி முழுக்க ஒரே காட்சிதான் கண்ணில் வந்து நின்றது. மூன்று பேரும் தூங்குவதுபோல உட்கார்ந்திருக்கிறார்கள், வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் பைக்கை இன்னும் முறுக்கினேன். வேண்டாத சாமி இல்லை. அந்த வேண்டுதலிலும் ஒரு கள்ளத்தனம் இருந்தது. அவர்களைக் காப்பாற்று என்று பாதி, நான் பார்த்தது வெளியே தெரியாமல் காப்பாற்று என்று பாதி. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

தேங்காய்ப்பட்டணத்துக்கு அவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. முட்டத்திலிருந்து வரும் கடற்கரைச் சாலையில் தேடிக்கொண்டு திரும்பி வந்தேன். இனயத்தில், பூட்டிய ஒரு கடை முன்னால் அண்ணனின் மஞ்சள் கார் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மனைவி, என் மைனி, தலையைப் பிடித்தபடி கடைப் படியில் உட்கார்ந்திருந்தார். சேலையின் ஒரு பக்கம் முழுக்கச் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நான் ஓடிப்போய் எஞ்சினை அணைத்தேன். "நீ எங்க மக்கா இஞ்ச?" என்ற அண்ணனின் நாக்கு குழறியது. "காலம்பற வெறும் வயிறு, அதான் தல சுத்துது. வேற ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையாம்" என்றார் மைனி. "கண்ணாடிய ஏத்து, புது வண்டிக்குள்ள மழ கேறுதுன்னு முட்டத்துலேருந்து ஏசிட்டே வாறாரு. எனக்கு மூச்சு முட்டுது, நான் ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டேன்."

ஆட்டோ பிடித்து மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். அந்தக் கண்ணாடி திறந்திருந்ததால் பிழைத்தீர்கள் என்றார் டாக்டர். மத்தியானம் எல்லோரும் தெளிந்தபின், அண்ணனும் நானும் வண்டியைப் பார்க்க வந்தோம். அங்கேதான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன். அடியில் படுத்து, தேடுவதுபோலத் தேடி, கண்டுபிடித்ததுபோலக் கேட்டேன்: "அண்ணே, இத யாரு அடச்சது?"

அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. "நான்தான் மக்கா." சாலை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்க கையாலயே பிள்ளையக் கொல்லப் பாத்தனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். நேற்றே பார்த்ததை மட்டும் சொல்லவில்லை.

சில நாள் கழித்து வண்டியைக் கடைக்குக் கொண்டு வந்தார். புது சென்சர் போட்டேன். கழற்றிய பழையதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடைத்த பாவத்தை நினைத்து வருந்துகிறார் என்று எண்ணினேன். பிறகு மேசையில் வைத்தார். "இது இஞ்சயே கெடக்கட்டு. என்னைப்போல இன்னொரு பொட்டன் வந்தா காட்டிக் குடு" என்றார். வாசல்வரை போனவர் திரும்பினார். "நீ கண்டிருந்தா விட்டிருக்க மாட்ட மக்கா. எனக்குத் தெரியும்."

அதன்பின் அவர் எந்த வண்டியிலும் கண்ணாடி ஏற்றி நான் பார்த்ததில்லை. மழையில் நனைந்த தோளோடு கடைக்கு வருவார், தேநீர் குடிப்பார், வக்கீல் என்று மட்டும் கூப்பிட மாட்டார். என்னை அவர் மதிக்கத் தொடங்கிவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வரும். அடுத்த தடவை என்று விழுங்குவேன். கடைசியில் அவர் அடக்கத்துக்குத்தான் போனேன். மைனி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அன்னைக்கு வரல்லன்னா நாங்க இல்ல" என்று அழுதார்.

போன மாதம் கடையை எதிர்ச்சாரிக்கு மாற்றினோம். மேசையைத் துடைப்பதற்காக அந்த சென்சரைக் கையில் எடுத்தேன். பெருவிரல் தானாகப் போய்ப் பசையின் நடுவிலிருந்த பள்ளத்தில் உட்கார்ந்தது. நகத்தின் விளிம்புகூடச் சரியாகப் பொருந்தியது. சுற்றிலும் கண்ணாடிபோல வழவழப்பு, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரல் ஒரே இழுப்பாக இழுத்தது. நடுவில் மட்டும் ஒரு தடம். தன் வேலையில் விரல் தடம் காணாது என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர், அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

பார்த்துவிட்டு, அந்தப் பள்ளம் என்னைப் பார்த்திருக்கும்படிதான் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.