சிவப்பு வராத பெட்டி

அந்தப் பழைய கலர் டிவியில் ஒரு வாரமாகச் சிவப்பு மட்டும் வரவில்லை. செய்தி வாசிப்பவர், பாடுபவர், சிரிப்பவர் எல்லார் முகமும் பச்சையும் நீலமுமாகப் பிணக்களை தட்டிக் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் அந்த வீட்டுப் பெரியவர் அழ ஆரம்பித்தார். நினைவு தடுமாறிப்போனவர் அவர். "எல்லாரும் செத்துக் கெடக்காங்கம்மா, எடுத்துப் போட ஆளில்ல" என்று மகளிடம் புலம்பினார். சோற்றைத் தொடவில்லை.

மகள் மெக்கானிக்கைக் கூட்டி வந்தாள். ஃபேன் கடையில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிறவர். டிவி வேலையும் தெரியும். வேலை செய்கையில் பெட்டியோடு பேசிக்கொண்டே இருப்பார். "இதுல பாதி எங்கிட்ட பேசியிருந்தா கொறஞ்சா போயிருவாரு?" என்று அவர் மனைவி எல்லாரிடமும் சொல்வாள்.

"புதுசு வாங்கினா தலைவலி விட்டுச்சுல்ல?" என்றார் வெளியூர் வேலையிலிருந்து வந்திருந்த மருமகன்.

"வாங்கிப் பாத்தாச்சேண்ணே! அந்தப் புது டிவிய ஜன்னல்னு நெனச்சு, யாரோ எட்டிப் பாக்குறாங்கன்னு அப்பா போர்வையைப் போட்டு மூடிட்டாரு" என்றாள் மகள், மெக்கானிக்கிடம்.

மருமகன் விடவில்லை. "சர்க்யூட் படம் இல்லாம எப்படிண்ணே பாப்பீங்க?"

"மூணு கலருக்கும் மூணு பகுதி இருக்கு மாப்ளே. ஒரு வயித்துப் பிள்ளைங்க. ஒருத்தனுக்கு ஒடம்பு சரியில்லன்னா, மத்த ரெண்டு பேரையும் பாத்தா தெரிஞ்சிடும்."

மெக்கானிக் மனசில் சொல்லாத பயம் ஒன்று இருந்தது. கோளாறு பிக்சர் டியூபிலேயே இருந்தால், அதற்கு மாற்று கிடைக்காது, பெட்டியை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். அதனால் முதலில் சிவப்புக்குப் போகும் ஒயரையும் பச்சைக்குப் போகும் ஒயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்தார். "ஏமாத்திடாத தாயி" என்று பெட்டியிடம் சொல்லிவிட்டு ஸ்விட்சைப் போட்டார். திரையில் மரங்களெல்லாம் சிவந்து நின்றன. பச்சைக்கு வரும் சிக்னலை வாங்கிச் சிவப்பு எரிந்தது; டியூபுக்கு உயிர் இருந்தது.

பிறகு அவர் பெட்டியோடுகூடப் பேசவில்லை. ஒயர்களைப் பழைய இடத்தில் வைத்து, பச்சையிலும் நீலத்திலும் மீட்டர் காட்டிய அளவைச் சிவப்போடு ஒப்பிட்டுக்கொண்டே போனார். ஒரு டிரான்சிஸ்டரில் கணக்கு உதைத்தது. பையிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டார்.

படம் வந்தது. செய்தி வாசிக்கும் பெண்ணின் கன்னத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்திரிச்சிட்டாங்க! அத்தன பேரும் எந்திரிச்சிட்டாங்க!" மகள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவரோ சமையலறை வாசலையே பார்த்தார்.

"உங்கம்மா எங்க?"

மகள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"இவ்ளோ பேரு எந்திரிச்சிட்டாங்க. அவ மட்டும் ஏன் வரல?"

மகள் அவர் காலடியில் உட்கார்ந்தாள். எப்போதும் போல, கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "அம்மா வர மாட்டாங்கப்பா."

பெரியவர் வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார். "அப்போ அவ நெசமாவே போயிட்டா."

இப்போது அவர் அழுதது வேறு அழுகை, சத்தமே இல்லை. மகளின் கை அவர் கைக்குள் இருந்தது.

மெக்கானிக் பின்மூடியை எடுத்துப் பொருத்தி, குனிந்த தலை நிமிராமல், ஒவ்வொரு ஸ்க்ரூவாக மெதுவாகத் திருகிக்கொண்டிருந்தார்.