ஜெயராமின் பக்கம் திறக்கவில்லை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. மயிலாப்பூரில், 1998 நவம்பரில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நேரங்களைக்கூட ஸ்ரீரஞ்சனி என்னிடம் சொன்னபடியேதான் எழுதுகிறேன்.

அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. நியூஜெர்சியில் இருந்த வரன் ஜெயராமின் குரலைப் போனில் இரண்டே முறை கேட்டிருந்தாள். அதற்குள் மனசு பாதி அங்கே போய்விட்டது. "என்னைப் பத்தி எல்லாத்தையும் என் வெப்சைட்ல எழுதியிருக்கேன். படிச்சுட்டு முடிவைச் சொல்லுங்கோ. சனிக்கிழமை உங்க டைம் ராத்திரி எட்டுக்குக் கூப்பிடறேன்" என்றிருந்தான். சரி என்று சொல்ல அவளுக்குக் கொள்ளை ஆசை. படிக்காமல் சொல்லத்தான் தயக்கம்.

6.10. மோடம் கீச்சிட்டு இணைந்தது. செய்தித்தாள் பக்கம் திறந்தது. கிரிக்கெட் ஸ்கோர் வந்தது. ஜெயராமின் பக்கம் மட்டும்... வெள்ளைத் திரை.

6.25. மறுபடியும் வெள்ளை. 6.40. அதேதான்.

ஏழு மணிக்கு, கம்ப்யூட்டர் விற்ற சண்முகவேல் வந்தார். சேமிப்பில் கிடந்த பழைய பக்கங்களை அழித்தார். முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். இன்டர்நெட் இணைப்புக்கான வேறு நம்பருக்கு டயல் செய்து பார்த்தார்.

"மத்ததெல்லாம் வருது. உங்கமேல இதுக்கு மட்டும் இன்னா கோவம் மேடம்?"

"எட்டு மணிக்குள்ள வந்துடுமா சார்?"

"மாப்பிள்ளையா? வரவெச்சுடலாம்!" என்று சிரித்தவர், மோடத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

தகவல் வருவதைக் காட்டும் விளக்கு இருண்டு கிடந்தது. அனுப்புவதைக் காட்டும் விளக்கு விடாமல் சிமிட்டியது.

"ஒண்ணும் வரல. ஆனா இங்கேர்ந்து ஏதோ போய்க்கினே கீது. எதனா டைப் அடிச்சீங்களா?"

"இல்லையே..."

7.41. மோடத்திலிருந்து போன் ஒயரைப் பிடுங்கினார். அதைப் போனில் மாட்டி, லஸ்ஸிலிருந்த தன் கடைக்குப் பேசினார். அங்கே அந்தப் பக்கம் உடனே திறந்ததாம்.

7.46. கிர்ர்... கிர்ர்... கம்ப்யூட்டருக்குள் சத்தம்.

ஒயர் இல்லாத மோடம். விளக்கு சிமிட்டியது.

சண்முகவேல் பையை அள்ளிக்கொண்டு படியிறங்கினார். செருப்பை மறந்துவிட்டார்.

8.00. போன் அடித்தது.

"பக்கம் திறக்கலை. ஆனா நான்..."

"திறக்கலையா?" ஜெயராமின் குரல் வறண்டிருந்தது. "பார்க்கறவா எழுதிட்டுப் போக அதுல ஒரு இடம் வச்சிருக்கேன். பத்து தடவை எழுதியிருக்கு. உங்க டைம் ஆறு பத்து, ஆறு இருபத்தஞ்சு... கடைசியா ஏழு நாப்பத்தாறு. ஒரே வரி. 'ரஞ்சனி என்னுடையவள்.' கீழே, ஷ்ரவண். யார் அது?"

"ஷ்ரவணா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாது. சத்தியமா..."

வைத்துவிட்டான்.

அவள் டயல் செய்தாள். திரும்பத் திரும்ப. மணி அடித்தது. எடுக்கவில்லை. அப்புறம் என்றுமே எடுக்கவில்லை.

திரும்பினாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்பா நாற்காலியில் சரிந்திருந்தார்.

"அப்பா... ஷ்ரவண் யாரு?"

"நாலு வருஷம் முன்னாடி வந்த வரன்மா. பத்துப் பொருத்தமும் இருந்தது. உன்னைப் பார்க்க வரதா இருந்த அன்னிக்குக் காலம்பற... கிண்டிகிட்ட ஆக்ஸிடென்ட். உன்கிட்ட பேரைக்கூடச் சொல்லாம மறைச்சுட்டோம்."

அம்மா விம்மினாள்.

"உன் ஜாதகத்தை அவாத்துல திருப்பிக் குடுத்துட்டா. போட்டோவைத்தான் குடுக்கலை..."

"ஏன்மா?"

"அவன் நெஞ்சுமேல வச்சே... எரிச்சுட்டாளாம்."