எங்கள் காருக்கு வந்த பில்

இங்கே எங்கள் கார் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. காலையில் நாலு சொட்டுப் பெற்றோல் ஊற்றினால்தான் எழும்பும். பிறகு நாள் முழுக்க மண்ணெண்ணெய் குடித்து இருமிக்கொண்டே போகும். போர் நடப்பதால் வன்னிக்குள் பெற்றோல் வரத் தடை. மலைநாட்டில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அது புதினமாக இருக்கும். ஆனால் ‘எங்கள் கார்’ என்று நான் எழுதியதுதான் அதைவிடப் புதினம். ஜெயபுரத்தில் குடியேறிய மலைநாட்டுக் குடும்பங்கள் எல்லாம் ஒரு சங்கமாகச் சேர்ந்து, நிலக்கடலை விற்ற காசில் ஒரு பழைய ஏ-40 கார் வாங்கியிருக்கிறோம். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வழியில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கினார்கள்.

மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் கண்ட கார் துரையின் கார் ஒன்றுதான். வளைவில் அதன் சத்தம் கேட்டதும் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு தெருவோரத் தண்ணீர்க் காணுக்குள் இறங்கி நிற்பார். சம்பள நாளும் அப்படித்தான் தலைகுனிந்து கழியும். அரிசி, மா, கம்பளி, முற்பணம் எல்லாவற்றையும் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் கழித்துவிட்டு மிச்சத்தைத் தருவார்கள். சில மாதங்களில் மிச்சமே இராது. என்ன கழித்தார்கள் என்று வாசித்துப் பார்க்க எங்களில் ஆளில்லை. இனவன்செயலில் நாங்கள் குடியிருந்த லயம் எரிந்து நாங்கள் இங்கே வந்தபோது நான் சின்னப் பையன்.

கடந்த மாதம் கார் நடுவழியில் நின்றுவிட்டது. ஸ்கந்தபுரத்தில் கராஜ் வைத்திருக்கும் சோதியண்ணை திருத்த மூவாயிரம் ரூபாய் முடியும் என்றார். நானும் அப்பாவும் எடுக்கப் போனால் பில்லில் பதினோராயிரம் இருந்தது.

“என்ன அண்ணை, மூவாயிரம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“எஞ்சினைக் கழட்டினாப் பிறகுதானே தம்பி வருத்தம் தெரிஞ்சது. மண்ணெண்ணெய்க் கரி உள்ளுக்கை அடுப்பு மாதிரிப் பிடிச்சுக் கிடக்கு. சாமான் வவுனியாவில இருந்து வந்து சேர்ந்த பாட்டை என்னட்டைக் கேளாதேங்கோ.”

கழற்றிய துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். குறை சொல்ல இடமில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: “காசில்லாட்டிப் பறவாயில்லை. உங்கட ஆக்கள் நல்ல வேலைக்காரர். என்ர காணியிலை கிடக்கிற கடலையைப் புடுங்கித் தரட்டும். கூலியை இதிலை கழிச்சுவிடுறன். காரை இப்பவே கொண்டுபோங்கோ.”

அப்பாவின் முகம் மலர்ந்தது. “கழிச்சுக்கிடச் சொல்லு தம்பி. நமக்குப் பழக்கந்தானே.”

பழக்கம் என்று அவர் சொன்ன விதம் என்னைச் சுட்டது.

“கழிக்க வேண்டாம் அண்ணை. எங்கட ஆக்கள் வேலைக்கு வருவினம். மற்றவைக்குக் குடுக்கிற கூலியை அவையின்ர கையிலை குடுங்கோ. பில்லை நாங்கள் தனியக் கட்டுறம். அதுக்குப் பிறகு காரைத் தாங்கோ.”

“ரெண்டும் ஒண்டுதானே தம்பி?”

“இல்லை அண்ணை.”

அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “ஏன்டா, ஒதவி செய்யிற மனுசன எதுத்துப் பேசுற?” சோதியண்ணைக்கும் மனம் நொந்துவிட்டது. “நான் இளக்காரமாய்ச் சொல்லேல்லை,” என்றார். அது எனக்கும் தெரியும். ஆனாலும், எங்கள் சனத்தின் வேலை இன்னொருவர் பில்லுக்குள் காணாமல் போவதை இன்னொரு முறை பார்க்க நான் தயாராக இல்லை.

சங்கத்தில் என்னை உரித்துவிட்டார்கள். “படிச்ச புள்ளயோட வீராப்புல நம்ம காரு அங்க கெடக்குது,” என்றார்கள். அந்த நாட்களில் காய்ச்சலில் கிடந்த ஒரு பிள்ளையைச் சைக்கிள் கரியரில் வைத்து ஆஸ்பத்திரிக்கு உருட்டிப் போனோம். பிள்ளை சுகமாகித் திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. என்றாலும் கடலை பிடுங்கப் போனவர்கள் பின்னேரங்களில் கூலியைக் கையில் வாங்கி, எண்ணி, மடியில் முடிந்துகொண்டு உரத்த கதையோடு வீடு திரும்பினார்கள். பிறகு யாரும் என்னை ஏசவில்லை.

கடைசி நாளில் எல்லோருடைய காசையும் தலைத்துண்டில் கட்டிக்கொண்டு அப்பாதான் கராஜுக்கு வந்தார். முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தார்.

“எண்ணிக்கங்க. பணம் கட்டியாச்சின்னு பில்லுல எழுதுங்க. எம் மகன் வாசிச்சுப் பாப்பான்.”

சோதியண்ணை எண்ணினார், எழுதினார். பிறகு எழுந்து தன் கதிரையை அப்பாவின் பக்கம் தள்ளினார். “இருங்கோ ஐயா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.” அப்பாவை ஒருவர் ஐயா என்று அழைத்து நான் கேட்டது அன்றுதான்.

நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுக் காரை எழுப்ப எங்கள் சாரதிக்குச் சற்று நேரமானது. அதற்குள் அப்பா, செய்தியைத் தானே ஊரில் சொல்ல வேண்டுமென்று நடக்கத் தொடங்கிவிட்டார். செம்மண் தெருவில் அவருக்குப் பின்னால் நாங்கள் இருவரும் காரில் வந்தோம். சத்தம் கேட்டதும் அவருடைய கை தலைக்குப் போனது. துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமலே தெருவோரப் பள்ளத்துக்குள் ஒரு காலை இறக்கினார்.

காரை நிறுத்தச் சொன்னேன். ஒரு கால் பள்ளத்திலும் ஒரு கால் தெருவிலுமாக நின்றபடி அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அட, நம்ம காரா?”

முன்கதவைத் திறந்துவிட்டேன். தலைத்துண்டைத் திரும்பவும் இறுக்கிக் கட்டி முடித்த பிறகுதான் அப்பா ஏறினார்.