ஒரே இணைப்பில் இரண்டு தொலைபேசிகள்

கல்கத்தாவில், கிடர்பூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் ஒரே இணைப்பில் இரண்டு தொலைபேசிகள் இருந்தன. என் மேசையில் இருந்தது பழுப்பேறிய வெள்ளை. எதிர் மேசையில் இருந்தது கறுப்பு. அதன் சுருள் கம்பி எத்தனை முறை நீவி விட்டாலும் மறுநாள் முறுக்கிக்கொண்டு கிடக்கும். அழைப்பு வந்தால் இரண்டும் சேர்ந்து அலறும். அப்போதெல்லாம் நான் பாத்ரூம் பக்கம் எழுந்து போய்விடுவேன். கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்ட் அலுவலகம் அது. நாள் முழுக்கத் தொலைபேசிதான் தொழில். நேர்முகத் தேர்வில், போனில் பேசிச் சமாளிக்க வருமா என்று கேட்டார்கள். நன்றாக வரும் என்று தயங்காமல் சொன்னேன். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

என் காதில் கோளாறு எதுவும் இல்லை. சிக்கலே அதுதான். பள்ளிக்கூட நாளில், தூத்துக்குடியிலிருந்து கல்கத்தா துறைமுகத்துக்கு மாற்றலாகி வந்திருந்த அப்பா என்னைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனார். கருவியை மாட்டி, மணி ஒலிக்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார் டாக்டர். ஒன்று விடாமல் தூக்கினேன். காது பிரமாதம், பெண்ணுக்குக் கவனம்தான் போதாது என்று முடித்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டிலும் பள்ளியிலும் எனக்கு அதுவே பட்டப்பெயர். ஆனால் நான் கவனித்த அளவுக்கு அந்த வகுப்பில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சத்தம் முழுதாக வந்து சேரும். சொற்கள்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். முதல் வாக்கியத்தை நான் பிரித்து எடுப்பதற்குள் மூன்றாவது போய்விடும். எதிரே ஆள் இருந்தால் உதடும் கண்ணும் கையும் சேர்ந்து கைகொடுக்கும். தொலைபேசியில் அவை ஒன்றும் கிடையாது. அதோடு வெளியே லாரிகளின் ஹாரனும் கைவண்டிக்காரர்களின் கத்தலும் சேர்ந்தால் நான் தொலைந்தேன்.

சமாளிப்பதற்குச் சில வழிகள் வைத்திருந்தேன். ‘ஃபேக்ஸ் அனுப்பிவிடுங்கள்’ என்பேன். போனில் இரண்டு நிமிடத்தில் முடிகிற விஷயத்துக்கு வெயிலில் சுங்க அலுவலகம் வரை நடந்து போய் நேரில் கேட்பேன். அதைப் பார்த்து முதலாளி என்னைச் சுறுசுறுப்பானவள் என்று நம்பினார். வேறு வழியே இல்லையென்றால், ‘சரி’ என்று சொல்லிவிட்டு வைப்பேன். எதற்குச் சரி என்று சொன்னேன் என்பது எனக்குத் தெரியாது. அந்தச் சரி எந்த நேரத்தில் என்ன வடிவத்தில் திரும்பி வருமோ என்று பயந்துகொண்டே மீதி நாள் கழியும்.

எதிர் மேசைக்காரர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அலுவலகமே அவரை வங்காள வழக்கப்படி ‘தீதி’, அதாவது அக்கா, என்று அழைத்தது. நானும் அப்படியே அழைத்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம், ஆனால் பாட்டன் காலத்திலேயே லேக் கார்டன்ஸில் வேர்விட்டவர்கள். தமிழைவிட வங்காளம் அவருக்குச் சரளம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாய் மட்டும் ஓயாது. சேர்ந்த மூன்றாவது வாரம் என்னைப் பிடித்துவிட்டார்.

“ஏண்டி, போன் அடிச்சா மட்டும் உனக்கு பாத்ரூம் வருது?” என்றார், சோற்று டப்பாவைத் திறந்துகொண்டே.

நான் அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, பேரம் பேசினார். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் சுங்க அலுவலகத்துக்கு அலைவது அவருக்குப் பிடிக்காது. படிவங்கள் நிரப்புவது அதைவிடப் பிடிக்காது. இரண்டையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். போனை அவர் பார்த்துக்கொள்வார். ஆனால் என் வேலை தொடர்பான அழைப்பில் நான்தான் பேசியாக வேண்டும், இல்லையென்றால் முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இது. மணி அடித்ததும் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் எடுப்போம். அந்தப் பக்கம் பேசுவதைத் தீதி கேட்டுக்கொண்டே, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து எனக்குச் சொல்வார். லாரிக்காரர் இந்தியில் பேசுவார், கப்பல் கம்பெனிக்காரர் இங்கிலீஷில், வியாபாரி வங்காளத்தில். தீதியின் உதட்டில் எல்லாமே தமிழாக வரும். எண்களை விரலில் காட்டுவார். பதில் சொல்ல வேண்டியது மட்டும் நான். ஒரு மாதத்துக்குள் எங்களுக்கு அது கைவந்துவிட்டது. ஆனாலும் தீதி தும்மினால் போச்சு. யாராவது எங்களுக்கு நடுவே வந்து நின்றுவிட்டால் போச்சு.

ஒரு முறை நன்றாகவே மாட்டிக்கொண்டோம். தீதிக்கு ஒரு கெட்ட பழக்கம். அந்தப் பக்கம் பேசுவதைச் சொல்லிக்கொண்டே, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் தன் அபிப்பிராயத்தையும் சேர்த்துவிடுவார். மரம் இறக்குமதி செய்கிற ஒரு வியாபாரி பேசிக்கொண்டிருந்தார். தீதியின் உதடு சொன்னது: “பேப்பரெல்லாம் திங்கட்கிழமையே அனுப்பிட்டேன். பொய் சொல்றான்டி, இன்னும் கையெழுத்தே போட்டிருக்க மாட்டான்.” நான் இரண்டையும் ஒன்றாக வாங்கிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு வங்காளத்தில், ‘பொய் சொல்லாதீர்கள் ஐயா, நீங்கள் இன்னும் கையெழுத்தே போடவில்லை’ என்றேன்.

தீதியின் வாய் திறந்தபடி நின்றது. என் வேலை போயிற்று என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. அடுத்த நொடி தீதி தன் கறுப்புத் தொலைபேசியில், யாரோ முன்பின் தெரியாத பெண்ணைப் போல, வங்காளத்தில் கத்த ஆரம்பித்தார். யார் நடுவில், போனை வை, நான் என் தங்கையோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று. அந்த நாளில் கல்கத்தாவில் கிராஸ் டாக் என்பது மழை மாதிரி. யார் யாருடைய பேச்சோ குறுக்கே வந்து விழும். நான் சொன்னதும் அப்படிக் குறுக்கே வந்து விழுந்த யாருடைய பேச்சோ என்று வியாபாரி நம்பிவிட்டார். அன்று மாலையே காகிதங்களும் வந்துசேர்ந்தன. கையெழுத்தின் மை இன்னும் சரியாகக் காயவில்லை என்று தீதி என்னிடம் காட்டிக் காட்டிச் சிரித்தார்.

பிறகு மொபைல் வந்தது. அதில் இன்னொருவர் சேர்ந்து எடுக்க முடியாது. நல்லவேளையாக ஈமெயிலும் மெசேஜும் கூடவே வந்ததால் தப்பித்தேன். தீதி ஓய்வு பெற்றார். நான் வேறு அலுவலகம் மாறினேன், கல்யாணமாகி டாலிகஞ்சில் வீடு அமைந்தது. இப்போதும் என் போன் சைலண்டில்தான் கிடக்கும். யார் கூப்பிட்டாலும், மீட்டிங்கில் இருக்கிறேன், மெசேஜ் அனுப்புங்கள் என்று எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங்தான். நாற்பத்தெட்டாவது வயதில், செவித்திறன் பார்க்கும் ஓர் இளம்பெண் என்னைப் பரிசோதித்துவிட்டு, காதில் குறையில்லை, காது கொண்டுவருவதை மூளை பிரித்து அடுக்குவதில்தான் சிக்கல், கவனக்குறைவு இல்லவே இல்லை என்றாள். அன்று நான் நேராகப் போனது தீதியின் வீட்டுக்குத்தான். “இதைத்தான் நீ அன்னைக்கே சொன்னியே, இதுக்கு எதுக்கு டாக்டர்?” என்றார்.

அந்தத் தீதிக்குத்தான் கண் போக ஆரம்பித்தது. பார்வையின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம்; ஓரங்கள் மட்டும் தெரியும். எழுத்துப் படிக்க முடியாது, எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது. மெசேஜ் நின்றுபோயிற்று. இனி அவரால் கூப்பிட மட்டும்தான் முடியும். என்னால் அதை மட்டும்தான் முடியாது. வீடியோவில் பேசிப் பார்த்தோம். போனை எங்கே பிடிப்பது என்று அவருக்குத் தெரியாமல் எனக்கு மின்விசிறியைக் காட்டிக்கொண்டிருப்பார். பேச்சை எழுத்தாக்கித் தரும் வசதியையும் போட்டுப் பார்த்தேன். தமிழும் வங்காளமும் இங்கிலீஷும் கலந்த தீதியின் பேச்சு அதற்கும் பிடிபடவில்லை. திரையில் அவர் பெயர் வரும்போதெல்லாம், ஆசையும் பயமும் சேர்ந்தே வரும். விழுந்துவிட்டாரோ, உடம்புக்கு என்னவோ, அதைச் சொல்கிறாரோ, எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று. பத்து நிமிட ஆட்டோ தூரம் என்பதால் பிழைத்தேன். எது புரியாவிட்டாலும் நேரில் போய் நின்றுவிடுவேன்.

போன ஆடியில் ஒரு பிற்பகல், டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தபோது கூப்பிட்டார். மழை கூரையில் அறைந்துகொண்டிருந்தது. வழக்கத்தைவிட நிதானமாகத்தான் பேசினார் என்று நினைக்கிறேன். ‘நாளைக்கு’ என்பதும் ‘காலை’ என்பதும் மட்டும் கிடைத்தன. கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு, “ரொம்ப நல்லது தீதி, அப்படியே செய்யுங்க” என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இணைப்பு துண்டானது. அந்த இடைவெளிதான் என்னை உலுக்கியது. அந்த ஆட்டோவிலிருந்து இறங்கி, லேக் கார்டன்ஸ் போகும் ஆட்டோவில் ஏறினேன்.

வாசலில் அட்டைப் பெட்டிகள். பெங்களூரிலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன் மகன் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ஜன்னலில் திரைச்சீலைகள் இல்லை. தீதி கட்டிலில் உட்கார்ந்து, முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, ஓரப் பார்வையால் என்னைத் தேடினார்.

“வந்துட்டியா? வருவேன்னு தெரியும்,” என்றார். “நாளைக்குக் காலையில இவனோட பெங்களூர் போறேன், இனிமே அங்கேதான்னு சொன்னேன். நீ ரொம்ப நல்லதுன்னே.”

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சுக்கோங்க தீதி, எனக்கு ஒண்ணும் கேட்கலை, சும்மா சொல்லிட்டேன் என்றேன்.

“துர், போடி, எனக்கென்ன அது புதுசா?” என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. “இங்கேன்னா ஆட்டோ பிடிச்சு வந்து நிக்கறே. அங்கேருந்து கூப்பிட்டா என்னடி பண்ணுவே?”

இனி இவரோடு எனக்குப் பேச்சே இருக்காது என்று நினைத்தேன். மறுநாள் கார் கிளம்பும்வரை நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கேள்வியைத் திரும்ப எடுக்கவில்லை.

எட்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். மின்விசிறியை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன், டிவி பார்த்துக்கொண்டிருந்த கணவரை எழுப்பி வெளியே அனுப்பினேன். எடுத்தேன். தீதி பேசினார். ஒரு நிமிடமாவது பேசியிருப்பார். சத்தம் முழுதும் வந்தது. ஒரு சொல்கூடக் கையில் நிற்கவில்லை. சரி என்ற சொல் நுனி நாக்குவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அடுத்த வாரமும் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு நாள் அவர் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்.

“தீதி, புரியலை,” என்றேன். இத்தனை வயதில் ஒரு தொலைபேசியில் நான் அதைச் சொன்னது அன்றுதான். “முதல்லேருந்து எதுவுமே புரியலை.”

அவருக்கு அலுத்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு ஒவ்வொரு சொல்லாக, நடுவில் இடம் விட்டு, அவர் குரல் வந்தது.

“எனக்கும் இங்க யார் மூஞ்சியும் தெரியலைடி. போனை மட்டும் வச்சிடாதே.”

இது எனக்கு முதல் தடவையிலேயே புரிந்தது. வைக்கலை தீதி, பேசுங்க என்றேன். அவர் பேசினார். கொஞ்ச நேரத்தில் பழையபடி வேகம் பிடித்துவிட்டார். புரியலை, புரியலை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். சிலதைத் திரும்பச் சொன்னார், சிலதை விட்டுவிட்டார். பாதிக்கு மேல் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு காது சூடானதும் மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.