தாங்கும் என்று சொன்னேன்

துணி முடிச்சை அவிழ்த்து, பாய் என் மேசைமேல் வைத்த பல்சக்கரத்தின் பற்கள் கத்தி முனைபோலத் தேய்ந்திருந்தன. அறுபதுகளின் நடுவில், கடலூரில் மோட்டார் உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. பாய் சிதம்பரத்தில் ஒரு பழைய வாடகைக் கார் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார்.

அந்த இன்ஜினில், தீப்பொறிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஆயில் பம்பும் அந்த ஒரே பல்சக்கரத்தால் சுழல்பவை. பம்பு இறுகினால் சக்கரத்தின் பல் உடையும். பல் உடைந்தால் தீப்பொறி நின்று, வண்டி அப்படியே நின்றுவிடும். பற்களை எண்ணி, அவை சாயும் பக்கம் பார்த்து, சரியான புதுச் சக்கரத்தை எடுத்துக் கொடுத்தேன். அதில் தவறில்லை. பிறகு அவர் பையிலிருந்து பழைய பம்பை எடுத்தார்.

"இது தாங்குமா தம்பி? இல்ல, இதையும் மாத்திடணுமா?"

விரலால் சுழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் லேசாகப் பிடித்தது. தேய்ந்த பற்களின் இரும்புத்தூள் உள்ளே போயிருக்க வேண்டும். புதுப் பம்பு எங்களிடம் இல்லை. மெட்ராஸிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். மாற்ற வேண்டும் என்று சொன்னால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாங்கும் பாய்" என்றேன்.

பத்து நாள் கழித்து, சேத்தியாத்தோப்பிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணைச் சிதம்பரத்துக்கு ஏற்றி வந்தார். கீரப்பாளையத்துக்கு முன்னால், வயல்களுக்கு நடுவே, உச்சிவெயிலில் கார் நின்றுவிட்டது. பாய் ஓடிப்போய் ஒரு மாட்டு வண்டியைப் பிடித்து வந்தார். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

இதை பாயே கடைக்கு வந்து சொன்னார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"மெக்கானிக் அப்பவே சொன்னான், ரெண்டையும் சேத்து மாத்திடுங்கன்னு. நான்தான் அவசரப்பட்டுட்டேன். நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி, உள்ள இருக்கறது யாருக்குத் தெரியும்?"

என் விரலுக்குத் தெரிந்திருந்தது. இந்த வயதிலும் ஒரு குழாயைத் திருகும்போது எங்காவது லேசாகப் பிடித்தால் கை நின்றுவிடுகிறது.

எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடுவது என்று ஒருநாள் முடிவு செய்தேன். வெறுங்கையோடு போகத் தைரியமில்லாமல், மெட்ராஸிலிருந்து வரவழைத்த பம்போடு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். அவர் வீட்டு வாசலில் கார் இல்லை.

"வண்டியக் குடுத்துட்டேன் தம்பி. ஏறி ஒக்காந்தா அந்தப் பொண்ணு கத்துனது பின்னாடி சீட்டுலேந்து கேக்குது" என்றார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார். "கடலூர் தம்பின்னு சொல்வேனே, இவங்கதான். நமக்காகப் பம்ப எடுத்துக்கிட்டு இவ்ளோ தூரம் வந்திருக்காங்க பாரு."

அந்த அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. பாய் பஸ் நிலையம்வரை கூடவே நடந்து வந்தார். முண்டியடித்து ஏறி எனக்கு ஜன்னலோரத்தில் இடம் பிடித்துத் தந்தார். பிறகு இறங்கி, பஸ் கிளம்பும்வரை வெயிலில் நின்றார்.