அப்பா கொடுக்காத வாக்கு

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறைக்குக் கீழே வீட்டுக்கார ஐயா இருந்தார். மேலே யார் இருமினாலும் அவருக்குக் கேட்கும். எங்கள் அப்பாவோ நித்திரையில் சண்டையே போடுவார். "பிடி, அடி, விடாதே" என்று கத்திக்கொண்டு கையையும் காலையும் வீசுவார். விடிந்ததும் கேட்டால், நாய் கலைத்துக் கடிக்க வந்தது, ஒழுங்கையில் போகும்போது யாரோ மறித்தான் என்று ஏதாவது கனவைச் சொல்வார். பகலில் எறும்பைக்கூட மிதிக்காத கிளார்க் மனிதர். அது ஒரு வியாதி என்று பல வருடம் கழித்து ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அப்போது நாங்கள் எல்லாவற்றுக்கும் யுத்தத்தையே காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் இரவு அப்பாவின் முழங்கை பட்டு அம்மாவின் கண் கன்றிப்போனது. காலையில் குழாயடியில் வைத்து ஐயா கேட்டார், இரவு என்ன சத்தம், கண்ணில் என்ன காயம் என்று. வடக்கிலிருந்து வந்த தமிழர் என்று பொலிஸில் எங்களைப் பதிந்து, எங்களுக்காகக் கையெழுத்து வைத்தவர் அவர். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தால் நாங்கள் தெருவில்தான். அம்மா யோசிக்கவேயில்லை. மனுசன் குடித்துவிட்டு அடித்தவர் என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் வாளியோடு நின்றேன். அப்பா தேத்தண்ணியைத் தவிர வேறெதையும் குடித்ததில்லை.

பின்னேரம் கந்தோரில் வேலை முடிந்து வந்த அப்பாவை ஐயா வாசலில் மறித்து, பெண்சாதிக்குக் கை நீட்டுவது மரியாதையான மனிதர் செய்கிற வேலையா என்று கால் மணித்தியாலம் புத்தி சொன்னார். அப்பா மேலே வந்து சேட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார்.

"இஞ்சரும், ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நித்திரையிலை அடி, பிடி எண்டு கத்துறியள் எண்டு சொன்னா, எங்கை சண்டை பழகினவர் எண்டு பொலிஸ் வந்து கேக்கும். பெண்சாதிக்கு அடிக்கிறவனை ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு போகமாட்டினம்."

எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. எழும்பிக் கீழே இறங்கினார். நானும் பின்னால் போய்ப் படியில் நின்றேன்.

"பிழைதான் ஐயா. இனிக் குடிக்கமாட்டன்" என்றார்.

இனி அடிக்கவும் கூடாது என்றார் ஐயா. அதற்கு மட்டும் அப்பாவால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. திரும்பிப் படியேறினார். அன்று இரவு உடுத்துப் பழசான சாரமொன்றைக் கிழித்து, தன் கையைத் தானே கட்டில் காலோடு கட்டிக்கொண்டு படுத்தார்.